சிவில் பொறியியலும் விசையியலும்: பட்ட வகுப்பிலிருந்து ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில், சிவில் துறை முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரியைத் துழாவினால், ஒரே ஆய்வேட்டைப் பல பெயர்களில் படித்த உணர்வு எழும். சிமென்ட்டுக்குப் பதிலாக உமிச்சாம்பல், மணலுக்குப் பதிலாகக் குவாரித் தூள், ஜல்லிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டை என்று ஏதேனும் ஒன்றை 10, 20, 30 சதவீதம் மாற்றி, கியூப் (கான்கிரீட் கனசதுரம்) வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்து, 20 சதவீதமே உகந்த அளவு என்று முடித்திருப்பார்கள். இந்தப் பொருள்களை ஆராய்வதில் தவறில்லை. ஆற்று மணல் கிடைக்காத மாநிலத்தில் அது தேவையான வேலைதான். ஆனால் "எவ்வளவு" என்ற கேள்வியைக் கேட்டவர்கள் "ஏன்" என்ற கேள்விக்குப் போகவே இல்லை என்பதுதான் அந்த அலமாரியின் குறை. "ஏன்" என்று கேட்கக் கற்றுத்தருவது விசையியல், அதாவது கல்லூரிகளில் அப்ளைடு மெக்கானிக்ஸ் என்று அழைக்கப்படும் பாடம். அந்தப் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிடாமல், சேர்க்கை முதல் ஆய்வேடு வரை கையில் பிடித்துக்கொண்டே போவது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்தக் கட்டுரை.

தொடங்குவதற்கு முன்: இரண்டு பாடங்களின் உறவு

கட்டுவது முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்தது. 1830களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாக எழுதியிருக்கிறார். பெரிய கற்களை மணலில் போட்டால் வெள்ளத்தின் அரிப்பில் அவை கீழே இறங்கும். மேலும் இறங்காத நிலைக்கு வந்தபின் அவற்றின் மேல் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். இதைச் செய்தவர்களிடம் சமன்பாடு இல்லை, ஆனால் ஆற்றைப் பல ஆண்டுகள் கவனித்த அனுபவம் இருந்தது.

கணக்கு வந்தபோது முதலில் தவறாகவே வந்தது. ஒரு முனை சுவரில் பதிந்து, மறுமுனையில் எடை தொங்கும் உத்தரம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கலிலியோ 1638இல் ஆராய்ந்தார். வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவு இழுவிசை இருக்கிறது என்றும், உத்தரம் தன் அடி விளிம்பைச் சுற்றித் திரும்புகிறது என்றும் அவர் கொண்டார். அதன்படி தாங்குதிறன், தகைவை (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசையை) அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் பெருக்கி 2ஆல் வகுக்கக் கிடைப்பது. இன்று நாம் பயன்படுத்தும் மீட்சிக் கோட்பாட்டில் அதே பெருக்கலை 6ஆல் வகுக்கிறோம். ஆகவே அவருடைய விடை மூன்று மடங்கு அதிகம். ஆனால் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே வலிமை அமையும் என்ற பகுதி சரியாக இருந்தது. தகைவு எப்படிப் பரவுகிறது என்ற ஒற்றைக் கருதுகோள்தான் பிழை. கூலோம் 1773இலும் நாவியே 1826இலும் அதைச் செம்மைப்படுத்தி முடிக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. நீங்கள் எந்த மென்பொருளில் எந்த எண்ணைப் பெற்றாலும், அதன் அடியில் கலிலியோவின் கருதுகோளைப் போன்ற ஒன்று ஒளிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 1: எங்கே சேர்வது

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானிக்கிறது, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜே.இ.இ. தேர்வு வழி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி., 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் என்.ஐ.டி. ஆன திருச்சி நிறுவனம் ஆகியவை இத்துறையில் நீண்ட மரபு உள்ளவை.

இவற்றில் இடம் கிடைக்காதவர்கள் கல்லூரியின் பெயரைவிட அதன் ஆய்வகத்தைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. சேர்வதற்கு முன் ஒரு நாள் நேரில் சென்று, கான்கிரீட் ஆய்வகத்தின் சோதனை இயந்திரத்திற்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கடைசியாக எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அங்கே யாரோ அக்கறையோடு வேலை செய்கிறார் என்று பொருள். இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தால் வேறு கல்லூரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: முதல் நான்கு பருவங்களில் அடித்தளம் போடுவது

பொறியியல் விசையியல், பொருள்களின் வலிமை, பாய்ம விசையியல், மண் விசையியல், கட்டமைப்புப் பகுப்பாய்வு ஆகிய ஐந்து பாடங்களும் உண்மையில் ஒரே மூன்று கருத்துகளின் மறுபதிப்புகள். விசைகள் சமநிலையில் இருக்க வேண்டும். உருமாற்றங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், நடுவில் இடைவெளியோ மேற்பொருந்தலோ இருக்கக் கூடாது. பொருளின் தகைவுக்கும் திரிபுக்கும் (அதனால் ஏற்படும் உருமாற்றத்தின் விகிதத்துக்கும்) ஓர் உறவு இருக்க வேண்டும். எந்தக் கணக்கை எடுத்தாலும், எந்த வரி எந்தக் கருத்திலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்தவருக்குப் பாடங்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் தாமாகவே கரைந்துவிடும்.

கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு, அணிக் கோட்பாடு, புள்ளியியல் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. மெல்லிய தூண் எந்தச் சுமையில் பக்கவாட்டில் வளையும் என்று 1744இல் ஆய்லர் கண்ட விடையும், ஒரு கட்டடம் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்ற விடையும், அணிக் கோட்பாட்டில் ஐகன் மதிப்பு என்று நீங்கள் படிக்கும் ஒரே பொருளின் இரண்டு வேடங்கள். கணித ஆசிரியர் இதைச் சொல்லமாட்டார், கட்டமைப்பு ஆசிரியருக்குச் சொல்ல நேரமிருக்காது. நீங்களேதான் இணைத்துக்கொள்ள வேண்டும்.

கையால் கணக்கிடும் பழக்கம் எதற்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 230 மி.மீ. அகலமும் 450 மி.மீ. உயரமும் உள்ள எம்25 (28 நாளில் கியூப் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன்) கான்கிரீட் உத்தரம், இரு முனைகளிலும் தாங்கப்பட்டு 5 மீட்டர் நீளத்தைக் கடக்கிறது. அதன் மேல் தன் எடையும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் சுமை இருக்கிறது. நடுவில் ஏற்படும் வளைவுத் திருப்புமை, அதாவது வகுப்பில் எல்லோரும் சொல்லும் பெண்டிங் மொமென்ட், 20ஐ 5இன் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க, 62.5 கிலோ நியூட்டன் மீட்டர். ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் விதிநூலின்படி மீட்சிக் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 25இன் வர்க்கமூலத்தை 5000ஆல் பெருக்க வருவது, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25,000 நியூட்டன். விரிசல் இல்லாத முழு வெட்டுமுகத்தைக் கொண்டு தொய்வைக் கணக்கிட்டால் சுமார் 3.7 மி.மீ. கிடைக்கும். வழக்கமான மென்பொருளும் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ இதையே தரும். இடைவெளியை 250ஆல் வகுத்து வரும் 20 மி.மீ. வரம்போடு ஒப்பிட்டு, "பாதுகாப்பானது" என்று எழுதிவிட்டு மாணவர் எழுந்துவிடுவார்.

இங்கேதான் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். அதே விதிநூலின்படி வளைவில் கான்கிரீட்டின் இழுவலிமை 25இன் வர்க்கமூலத்தின் 0.7 மடங்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். அதைக் கொண்டு இந்த வெட்டுமுகத்தில் முதல் விரிசல் தோன்றும் திருப்புமையைக் கணக்கிட்டால் சுமார் 27 கிலோ நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. நடுவில் இருப்பதோ 62.5. ஆகவே இந்த உத்தரம் விரிசல் விட்டுத்தான் நிற்கும், அதன் விறைப்பு குறைந்துவிட்டது, உண்மையான தொய்வு இரண்டு மூன்று மடங்காகக் கூடும், ஊர்தலும் (நிலைத்த சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்ல உருமாறுவது) சுருக்கமும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதை இன்னும் வளர்க்கும். விதிக்குள் அடங்கிவிடலாம், ஆனால் 3.7 என்ற எண் எந்த உத்தரத்துக்கும் உரியதல்ல. இந்த ஐந்து நிமிடக் கணக்கைப் போடாதவர், பின்னாளில் ஆய்வகத்தில் அளந்த தொய்வு மென்பொருளின் விடையோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு பருவம் முழுவதும் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

படி 3: களத்திற்குச் செல்வது

இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு கட்டுமான இடத்தில் ஒரு மாதமாவது நில்லுங்கள். அங்கே மேஸ்திரியும் கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆட்களும் பேசும் சொற்கள் பாடநூலில் இல்லை. தூணைச் சுற்றிக் கட்டும் வளையத்தை அவர்கள் ரிங் என்பார்கள். அதன் முனையை எத்தனை பாகை மடக்குகிறார்கள் என்று குனிந்து பாருங்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் விவரங்களைக் கூறும் ஐ.எஸ். 13920 அதை 135 பாகை மடக்கி, தூணின் உட்பகுதிக்குள் முனை நுழையும்படி விடச் சொல்கிறது. 90 பாகையோடு நிறுத்தினால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிந்து, உள்ளே இருக்கும் கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் பிடிமானம் போய்விடும். ஏன் 90இல் நிறுத்துகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் மரியாதையோடு கேட்டால், நெருக்கமான கம்பிகளுக்கு இடையே 135 பாகை ரிங்கை நுழைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அவர் செய்தே காட்டுவார். வரைபடம் போடும் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரியாத ஆய்வுக் கேள்வி அது.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இடிந்தன. தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டு, மேல் தளங்களில் மட்டும் செங்கல் சுவர் எழுப்பிய கட்டடங்கள் அவற்றில் முக்கியமானவை. சுவர் உள்ள தளங்கள் விறைப்பாக இருக்க, அசைவு முழுவதும் தரைத்தளத் தூண்களின் மேல் விழுந்தது. நம் ஊர்த் தெருக்களில் நடக்கும்போது இத்தகைய கட்டடங்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

படி 4: முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் நுழைவது

முதுநிலைச் சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சிவில் தாளை எழுதுவதே வழக்கம். ஆனால் விசையியல் பக்கம் சாய்பவர்கள் எக்ஸ்.இ. என்னும் பொறியியல் அறிவியல் தாளைப் பற்றியும் யோசிக்கலாம்: அதில் கணிதம் கட்டாயம், மற்ற பிரிவுகளில் திண்மப் பொருள் விசையியலையும் பாய்ம விசையியலையும் தேர்ந்துகொள்ள முடியும். எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். கேட் வழியாக எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. இடங்களுக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வும் உண்டு.

ஆய்வில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பாடங்கள் நிறைந்த எம்.டெக்.ஐவிட, சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உள்ள ஆய்வுவழி எம்.எஸ். பொருத்தமானது என்பது என் கருத்து. ஒரு கேள்வியோடு இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ முடியுமா என்பதை முனைவர் பட்டத்தில் மாட்டிக்கொள்வதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம்.

பல்கலைக்கழகங்களை மட்டும் நினைக்க வேண்டாம். தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் மின் கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி இழுத்துப் பார்க்கும் சோதனை நிலையமும், நிலநடுக்க அதிர்வு மேடையும், காற்றுச் சுரங்கமும் உள்ளன. கம்பி துருப்பிடிப்பதை ஆராய விரும்புவோருக்குக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கடல் காற்றின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தையும், 2025இல் திறக்கப்பட்ட, 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலத்தையும் பார்த்தவர்களுக்கு, அந்த உப்புக் காற்று எவ்வளவு பெரிய ஆய்வுப் பொருள் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 5: கேள்வியைக் கண்டுபிடிப்பது

ஆய்வின் தரம் பெரும்பாலும் இந்தப் படியிலேயே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலானோர் இதற்கு ஒரு வாரம் ஒதுக்குவார்கள். நான் ஒரு பருவம் ஒதுக்கச் சொல்வேன். முதலில் சொன்ன அலமாரிக்கே திரும்பி, ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்த மணல்) என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வலிமை கூடியது என்கிறார், இன்னொருவர் குறைந்தது என்கிறார். இரண்டையும் படித்துவிட்டு, "முடிவுகள் வேறுபடுகின்றன, ஆகவே மேலும் ஆய்வு தேவை" என்று எழுதுவது எளிது. ஆனால் இருவரும் எதை மாறாமல் வைத்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

எம்-சாண்டின் துகள்கள் கோணலானவை, சொரசொரப்பானவை; அதில் மிக நுண்ணிய தூளும் அதிகம். நொறுக்கிய கல் மணலில் 150 மைக்ரான் சல்லடையில் நுழையும் பங்கு 20 சதவீதம் வரை இருக்க ஐ.எஸ். 383 இடமளிக்கிறது. இந்த இரண்டு காரணங்களாலும் கலவை இறுகி, ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) குறைகிறது. ஒருவர் ஸ்லம்ப் மாறக் கூடாது என்று தண்ணீரைக் கூட்டியிருப்பார்; நீர் சிமென்ட் விகிதம் ஏறியதால் வலிமை இறங்கியிருக்கும். இன்னொருவர் தண்ணீரை மாற்றாமல் ரசாயனக் கலப்பால் ஸ்லம்ப்பைச் சரிசெய்திருப்பார். கோணல் துகள்களின் பிடிமானத்தால் வலிமை சற்றுக் கூடியிருக்கும். ஆக, இரண்டு ஆய்வுகளும் முரண்படவே இல்லை. வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கின்றன. "எம்-சாண்ட் எத்தனை சதவீதம்" என்ற கேள்வி இப்போது "நீரையும் ஸ்லம்ப்பையும் மாறாமல் வைத்தால், துகளின் வடிவம் வலிமையை எவ்வளவு மாற்றுகிறது, நுண்தூள் எவ்வளவு மாற்றுகிறது, இரண்டையும் பிரிப்பது எப்படி" என்று மாறிவிட்டது. துகள் வடிவத்தை அளக்க வேண்டும், நுண்தூளைக் கழுவி நீக்கிய மணல் ஒன்றும் நீக்காத மணல் ஒன்றும் வேண்டும் என்று சோதனைத் திட்டம் கேள்வியிலிருந்தே வந்துவிடும்.

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சோதனைக்கு முன்பே, எந்த விடை வந்தால் உங்கள் விளக்கம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அது தலைப்பு, கேள்வி அல்ல.

படி 6: சோதனையைத் திட்டமிடுவது

மூன்று கியூப் வார்த்துச் சராசரி எடுப்பது நம் வழக்கம். அது கட்டுமான இடத்தில் கான்கிரீட்டை ஏற்கவா மறுக்கவா என்று முடிவெடுக்க ஏற்பட்ட வழக்கம். இரண்டு கலவைகளை ஒப்பிட ஏற்பட்டதன்று. எம்25 கலவைக்குத் திட்டவிலக்கம் (முடிவுகளின் சிதறலைக் காட்டும் அளவு) 4 என்று விதிநூல் கொள்கிறது. அதனால்தான் 25ஓடு 4இன் 1.65 மடங்கைக் கூட்டி 31.6ஐ இலக்காக வைக்கிறோம். அந்த 4ஐயே வைத்துக்கொண்டால், கலவைக்கு மூன்று கியூப் வீதம் எடுத்த இரண்டு சராசரிகளின் வேறுபாட்டில் இயல்பாகவே சுமார் 3.3 அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். ஆகவே 20 சதவீதக் கலவை 10 சதவீதக் கலவையைவிடச் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் அதிகம் தாங்கியது என்பது எதையும் நிரூபிக்காது. அதே கலவையை இரண்டு முறை வார்த்தாலும் அந்த வேறுபாடு வரும்.

அந்த 2ஐ உண்மையாகவே பிடிக்க வேண்டுமானால், 5 சதவீதப் பிழை வாய்ப்பும் ஐந்தில் நான்கு முறை வேறுபாட்டைக் கண்டறியும் திறனும் வேண்டும் என்று கொண்டால், கலவைக்கு 63 கியூப் தேவைப்படும். ஒரு கியூபின் எடை சுமார் 8 கிலோ. ஆக அரை டன் கான்கிரீட், ஒரே கலவைக்கு. கவனமாக வேலை செய்து திட்டவிலக்கத்தை 2ஆகக் குறைத்தால் 16 போதும். கவனத்திற்கு ஆய்வகத்தில் உள்ள விலை இதுதான். அதோடு, ஒரே தொட்டியில் கலந்த ஆறு கியூபும் ஆறு தனித்தனிச் சான்றுகள் ஆகிவிடாது. வெவ்வேறு நாள்களில் தனித்தனியாகக் கலந்து வார்த்தால்தான் கலவையின் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும்.

உடைக்கும் முறையிலும் விசையியல் இருக்கிறது. ஐ.எஸ். 516 சொல்லும் சுமை வேகம் நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன், அதன்படி 31.6 தாங்கும் கியூப் உடைய இரண்டே கால் நிமிடம் ஆக வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று அரை நிமிடத்தில் உடைத்தால், விரிசல்கள் பரவ நேரம் கிடைக்காமல் எண் உயர்ந்து காட்டும். இயந்திரத்தின் இரும்புத் தட்டுகளுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான உராய்வு கியூபின் மேல் கீழ்ப் பகுதிகளைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நன்றாக உடைந்த கியூப் உடுக்கை போல நடுவில் ஒடுங்கி நிற்கிறது. உயரம் இரு மடங்கான உருளையில் அந்தப் பிடி நடுப்பகுதியை எட்டாது. எனவே உருளை காட்டும் வலிமை கியூபில் ஏறத்தாழ 0.8 பங்குதான். கான்கிரீட்டின் வலிமை என்று நாம் எழுதும் எண், பொருளின் குணம் மட்டுமல்ல, சோதனையின் குணமும்தான். உடைந்த வடிவத்தைப் படமெடுக்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு துண்டுகளை வெளியே கொட்டுபவர் பாதி முடிவைக் கொட்டிவிடுகிறார்.

படி 7: கணினி மாதிரி

கட்டமைப்பைச் சிறு துண்டுகளின் (எலிமென்ட்களின்) வலையாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைத் திறப்பதற்கு முன் விடையைக் கையால் ஊகித்து எழுதிவையுங்கள். இரண்டு மடங்குக்குள் இருந்தாலே போதும். பிறகு எதிர்விசைகளின் கூட்டுத்தொகை சுமைக்குச் சமமா என்று பாருங்கள். அலகுக் குழப்பத்தில் பிறக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து வலையை இரண்டு மூன்று முறை நுணுக்கிப் பார்க்க வேண்டும். தொய்வு ஒரு மதிப்பை நோக்கி நிலைபெற்றால் நல்லது. ஆனால் உள்நோக்கிய கூர் மூலையில் தகைவு, வலையை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. கோட்பாட்டின்படியே அங்கே தகைவு முடிவிலி. அந்த மூலையில் வந்த சிவப்பு நிறத்தை அச்சிட்டு "அதிகபட்சத் தகைவு" என்று எழுதுவது, நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை.

கான்கிரீட் விரிசலில் இன்னொரு பொறி இருக்கிறது. தகைவு உச்சத்தைத் தொட்டபின் இறங்கும் வளைவை ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் அப்படியே கொடுத்தால், விரிசல் ஒரே வரிசையில் குவிந்துவிடும். வலையை நுணுக்கினால் அந்த வரிசை மெலிந்து, உடைக்கத் தேவையான ஆற்றல் சுழியை நோக்கிச் செல்லும். ஆற்றல் செலவழியாமல் உடையும் உத்தரம் எங்கும் கிடையாது. 1976இல் ஹில்லர்போர்க்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதற்கு வழி காட்டினார்கள்: விரிசலின் ஒரு சதுர மீட்டர் பரப்பை உருவாக்கத் தேவையான முறிவு ஆற்றலைப் பொருளின் குணமாக வைத்து, வலையின் அளவுக்கேற்ப வளைவைத் திருத்த வேண்டும். மென்பொருளில் இது ஒரு சிறிய தேர்வுப் பெட்டிதான். அதற்குப் பின்னால் இருக்கும் விசையியலைப் படித்தவர்தான் அந்தப் பெட்டியைத் தேடுவார்.

படி 8: நெறியாளரும் நடைமுறையும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் பாடங்களும் உண்டு. ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பின்னர் எஸ்.ஆர்.எஃப். எனப்படும் முதுநிலை ஆய்வாளர் ஆகும்போது 42,000. ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தை அந்த விதிகள் நீக்கிவிட்டாலும், பல நிறுவனங்கள் தங்கள் அளவில் அதைக் கேட்கின்றன.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, அவரிடம் இப்போது நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் பேசுவது பயன் தரும். "ஐயா கடைசியாக எப்போது ஆய்வகத்துக்கு வந்தார்கள்?", "எழுதிக் கொடுத்தது எத்தனை நாளில் திருத்தி வருகிறது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், இரும்புத் தட்டு சாய்ந்திருந்த இயந்திரத்தில் எட்டு மாதம் சோதனை செய்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேர்ந்தது. நெறியாளர் முதல் மாதத்திலேயே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் உடைந்த கியூபின் வடிவமே சொல்லியிருக்கும்.

படி 9: எழுதுவதும் ஒப்படைப்பதும்

ஆய்வேட்டை முதல் அதிகாரத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டாம். படங்களை முதலில் வரையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது நிறுவும் செய்தியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் ஆய்வேட்டின் முதுகெலும்பு கிடைத்துவிடும். சராசரியை மட்டும் தூணாக வரையாமல், ஒவ்வொரு கியூபின் முடிவையும் தனிப் புள்ளியாகக் காட்டுங்கள். ஒத்துவராத புள்ளியை நீக்கினால், நீக்கிய காரணத்தை எழுதுங்கள். தனி முடிவு சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் என்ன செய்வது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது, ஆனால் பிடிக்காத எண்ணை நீக்க எந்த விதியும் இல்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர்கள் பெரும்பாலும் கடினமான கேள்வி கேட்பதில்லை. கரும்பலகையில் ஓர் உத்தரத்தை வரைந்து, உங்கள் சுமை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று காட்டச் சொல்வார்கள். ஐந்தாண்டுகள் மென்பொருளோடு இருந்தவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். முந்தைய வாரம் இரண்டாம் ஆண்டுப் பாடக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டிவிட்டுச் செல்லுங்கள்.

பட்டம் கிடைத்ததும் கிளம்பிவிடாமல், கலவை விகிதம், வார்த்த நாள், அன்றைய வெப்பநிலை, சுமை வேகம், உடைந்த கியூபின் படம் ஆகியவை ஒரே எண்ணால் இணைக்கப்பட்ட கோப்பை ஆய்வகத்திலேயே விட்டுச்செல்லுங்கள். அடுத்து வரும் மாணவர் உங்கள் 27ஆம் எண் கியூபை மீண்டும் வார்த்துப் பார்க்க விரும்பினால், உங்களைத் தொலைபேசியில் அழைக்காமலேயே அதைச் செய்ய முடிய வேண்டும்.